கவுஞ்சிக்கு வந்த சொல்

இருளாயிக்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டாள். குரல் தணிந்துவிடும், பேச்சு மெதுவாகிவிடும், எதிரே நிற்பவரின் பெயரை முழுசாகச் சொல்லிக் கூப்பிடுவாள். அப்படிக் கூப்பிடப்பட்டவர் ஏதாவது சோலியைச் சொல்லிக்கொண்டு இடத்தைக் காலி செய்வது நல்லது என்று கவுஞ்சியில் எல்லாருக்கும் தெரியும்.

மனிதர்கள் மேல் வந்த கோபத்தையெல்லாம் அவள் ஏதோ ஒரு வகையில் தீர்த்துக்கொண்டாள். தீராமல் கிடந்தது ஓர் இங்கிலீஷ் சொல்லின் மேல் வந்த கோபம்தான்.

அந்தச் சொல்லை அவள் முதன்முதலில் கேட்டபோது சிரித்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்திலோ ஐம்பத்தாறிலோ இருக்கும். அவளும் புருஷன் பொன்னுவேலும் மட்டக்குதிரைகளில் உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் பஜாருக்குப் போயிருந்தார்கள். மண்டிக்காரர் பாவா ராவுத்தர் சாக்கைக் கவிழ்த்து, கிழங்கைக் காலால் உருட்டி உருட்டிப் பிரித்தார். ஒரு பக்கம் பெரிய குவியல், ஒரு பக்கம் சின்னக் குவியல்.

"இது என்ன ராவுத்தரே, தனியா ஒதுக்குறீங்க?"

"அது வேஸ்ட்டு தாயி."

"அப்படின்னா?"

"ஆகாததுன்னு வையி. பொடிசு, மம்பட்டி வெட்டு, பச்சை ஏறுனது. எதையும் ரயிலேத்த முடியாது."

"பொடிசு எப்படி ஆகாததாகும்? வெதைக்கு அதத்தானே நாங்க போடுறோம்."

"ஒனக்கு வெதை, எனக்கு வேஸ்ட்டு. சாக்குல அள்ளிக்கிட்டுப் போ" என்று ராவுத்தர் சிரித்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் பொன்னுவேல் அந்தச் சொல்லை வைத்து விளையாடிக்கொண்டே வந்தான். நடக்க மறுத்த குதிரையைப் பார்த்து, "ஏலே, நீ வேஸ்ட்டுலே" என்றான். பூம்பாறை வளைவில் மழை பிடித்துக்கொண்டபோது வானத்தைப் பார்த்தும் அதையே சொன்னான். இருளாயி சிரித்துச் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அப்போதே மகளைப் பண்ணைக்காடு என்ற ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான், கூட எருமைகள்.

அடுத்த ஐப்பசி அடைமழையில், அதே பூம்பாறை வளைவில், பொதிக்குதிரை ஒன்று சறுக்கியது. கயிற்றைக் கையில் சுற்றியிருந்த பொன்னுவேலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. குதிரை அங்கேயே செத்தது. அவனைக் கட்டிலில் வைத்துக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். இடுப்பெலும்பு கூடிவந்தது, ஆனால் கோணலாகக் கூடியது. இரண்டு தடிகளை ஊன்றிக்கொண்டு அவன் வீடு வந்து சேர்ந்தபோது, மேடும் பள்ளமுமான அந்த ஊரில் அவனால் போக முடிந்த இடம் வீட்டு வாசல்தான்.

அதற்குப் பிறகு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவை எருமைகள். கவுஞ்சிக்கு மேற்கே வெண்ணெய்க்கல் மேடு என்று ஒரு பெரிய புல்வெளி உண்டு. மரமே இருக்காது. மடிப்புகளில் மட்டும் சோலை ஒதுங்கி நிற்கும், மற்றதெல்லாம் புல். ஊர் மாடுகள் அத்தனையும் அங்கேதான் மேயும். இருளாயி வெள்ளனே எழுந்து எருமைகளை மேட்டில் ஏற்றிவிடுவாள். தயிர் கடைந்து வெண்ணெய் எடுத்து, வாரம் தவறாமல் கொடைக்கானல் பங்களாக்களுக்குக் கொண்டு போவாள். பொன்னுவேலின் மருந்து, வீட்டு உப்பு, விளக்கு எண்ணெய் எல்லாம் அந்தப் புல்லிலிருந்து வந்தவை.

அப்படியிருக்கும்போதுதான் காட்டிலாகாவின் புது ரேஞ்சர் ஊர்ச் சாவடிக்கு வந்தார். நாற்காலி போட்டார்கள், மோர் கொடுத்தார்கள். அவர் ஒரு காகிதத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"இந்த வெண்ணெய்க்கல் மேடு பூரா வேஸ்ட் லேண்ட். யாருக்கும் பிரயோசனமில்லாமக் கெடக்கு. அதுல வாட்டில் மரம் நடப்போறோம். பட்டையை உரிச்சுத் தோல் பதனிட அனுப்பலாம். ஒங்களுக்கும் கூலி வேலை கிடைக்கும். இனிமே அங்க மாடு ஏறக் கூடாது."

ஆண்கள் கூலி என்ற சொல்லைக் கேட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். சாவடியின் ஓரத்தில் நின்ற இருளாயி வேறொரு சொல்லைக் கேட்டாள். ராவுத்தர் காலால் உருட்டிய கிழங்கு நினைவுக்கு வந்தது.

"ஐயா பேரு என்னங்க?" என்றாள்.

ரேஞ்சர் நிமிர்ந்தார். "நல்லசாமி. ஏன்?"

"நல்லசாமி ஐயா, எங்க எருமை அங்கதான் மேயுது. ஊரு மாடு பூரா அங்கதான் மேயுது. ஆகாத எடம்னு யாரு வந்து பாத்துச் சொன்னாங்க?"

குரல் தணிந்திருந்ததை ஊர்க்காரர்கள் கவனித்தார்கள். இரண்டு பேர் மெல்ல எழுந்து வெளியே போனார்கள்.

"மேயுறது வேறம்மா. அதுல மரம் இருக்கா? பயிர் இருக்கா? வரி வருதா? எதுவும் இல்லேன்னா ரிக்கார்டுல அதுக்கு வேஸ்ட்னுதான் பேரு. நான் வச்ச பேரு இல்ல. வெள்ளைக்காரன் காலத்துல வச்சது."

"அவன்தான் போயிட்டானேங்க. பேர எதுக்கு இங்க விட்டுட்டுப் போனான்?"

யாரோ சிரித்தார்கள். ரேஞ்சரும் சிரித்தார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். அவரைப் பொறுத்தவரை பேச்சு முடிந்தது.

நடவுக்கு ஊர்க்காரர்களையே மேஸ்திரியாக வைத்தார்கள். ஒருவன் பொன்னுவேலின் தம்பி திருமலைச்சாமி. காக்கிச் சட்டை ஒன்று அவனுக்குக் கிடைத்தது. அந்தச் சட்டையோடு அந்தச் சொல்லும் அவன் வாயில் வந்து ஒட்டிக்கொண்டது. நடவுக்கு வந்த பெண் குழியை ஆழமாகத் தோண்டாவிட்டால் வேஸ்ட்டு. ஆறிப்போன காப்பி வேஸ்ட்டு. கல்யாண வீட்டில் மேளம் சரியில்லை என்றால் அதுவும் வேஸ்ட்டு. சின்னப் பிள்ளைகள் தெருவில் ஒருவரை ஒருவர் அப்படிக் கூப்பிட்டு விளையாடினார்கள். இருளாயி கேட்டுக்கொண்டே போவாள், வருவாள். ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

ஒருநாள் காலையில் அவள் தயிர் கடைந்துகொண்டிருந்தபோது திருமலைச்சாமி ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான். அண்ணன் தம்பி இருவருக்குமாக அவர்கள் அப்பா விட்டுப்போன நிலம் அதுவரை பொதுவில் கிடந்தது. ஓடையை ஒட்டிய ஓடைக்காடு நல்ல நிலம். மேலே கல்லாங்காடு, பேரிலேயே இருக்கிறது. இரண்டையும் பிரித்துக்கொள்ளலாம் என்று அவன் சொன்னபோது இருளாயி தலையசைத்தாள். நியாயம்தான்.

"ஓடைக்காட்ட நான் எடுத்துக்கிறேன் மதினி. அதுல எறங்கிப் பாடுபட ஆள் வேணும். அண்ணன் இனிமே வேஸ்ட்டுதானே? நல்ல நெலத்தக் குடுத்து என்ன பண்ண? கல்லாங்காடு ஒங்களுக்கு இருக்கட்டும். வருசத்துக்கு ரெண்டு மூட்டை கோதுமை நான் போடுறேன்."

கெட்ட எண்ணத்தோடு சொன்ன மாதிரி கூட இல்லை. காப்பி ஆறிவிட்டது என்பது போலச் சாதாரணமாகச் சொன்னான். உள்ளே அடுப்படியில் உட்கார்ந்திருந்த பொன்னுவேலின் காதில் அது விழாமல் இருக்க வழியில்லை. வீடு அவ்வளவுதான்.

"திருமலைச்சாமி" என்றாள் இருளாயி.

பெரியவர்கள் இரண்டு பேரும் ஓரடி பின்னால் போனார்கள். அவன் போகவில்லை. அதற்குள் மத்து பானையிலிருந்து வெளியே வந்து அவன் தோளில் இறங்கியது. இரண்டாவது அடி முதுகில். காக்கிச் சட்டையெல்லாம் வெண்ணெயும் மோருமாக அவன் தெருவில் ஓடியதை ஊர் பார்த்தது.

அந்த வாரம் கொடைக்கானல் போனபோது, வெண்ணெயை இறக்கி வைத்த கையோடு லீலா டீச்சரிடம் கேட்டாள். லீலா அங்கே பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவள். தனியாக ஒரு சின்ன வீட்டில் இருந்தாள். வெண்ணெய் வாங்கினால் ஒரு டம்ளர் காப்பி கொடுக்காமல் அனுப்ப மாட்டாள்.

"டீச்சரம்மா, வேஸ்ட்டுன்னா என்ன?"

லீலா சிரிக்கப் போனவள் இருளாயியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "வீணாப் போனது. உபயோகமில்லாதது. கழிவு."

"அது தெரியும். அந்தச் சொல்லு எங்கேருந்து வந்துச்சு? யாரு மொதல்ல சொன்னது?"

இப்படி ஒரு கேள்வியை லீலாவிடம் எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. முதுகு கிழிந்து பசை போட்டு ஒட்டியிருந்த பெரிய அகராதியை எடுத்து வந்து மடியில் வைத்துப் புரட்டினாள்.

"லத்தீன்னு ஒரு பழைய பாஷை. அதுல 'வாஸ்டஸ்'னு ஒரு சொல் இருந்திருக்கு. ஆளரவம் இல்லாம வெறிச்சுன்னு கெடக்குற பரப்புன்னு அர்த்தம். அங்கேருந்து பிரெஞ்சுக்குப் போய், அப்புறம் இங்கிலீஷுக்கு வந்திருக்கு. அதே வேர்ல இருந்து 'வாஸ்ட்'னு இன்னொரு சொல்லும் வந்திருக்கு. அதுக்குப் பரந்து விரிஞ்சதுன்னு அர்த்தம். கடலச் சொல்லுவாங்க, வானத்தச் சொல்லுவாங்க."

"ஒரே எடத்தப் பாத்து ஒருத்தன் பெருசுன்னான், ஒருத்தன் ஆகாததுன்னானா?"

"ஆகாததுங்கிறது பின்னாடி சேந்திருக்கணும். மொதல்ல வெறும் ஆளில்லாத எடந்தான். ஆளில்லேன்னா விளைச்சல் இல்ல, விளைச்சல் இல்லேன்னா லாபம் இல்ல. அப்படியே போய் ஒண்ணுக்கும் ஒதவாததுன்னு ஆயிருக்கும்." லீலா விரலை இன்னும் கீழே இறக்கினாள். "இன்னொண்ணும் போட்டிருக்கு. ஒரு ராஜா படையெடுத்துப் போய் எதிரி ஊரக் கொளுத்தி, பயிர் பச்சைய அழிச்சு வெறுமையாக்குவான் இல்லையா? அப்படிச் செய்யுறதுக்கும் இதே சொல்லுதான்."

இருளாயி காப்பியைத் தொடவில்லை.

கனத்தைக் குறைக்க நினைத்து லீலா சொன்னாள்: "காதுல கேக்க இதே மாதிரி இன்னொரு வார்த்தையும் இருக்கு. எழுத்துத்தான் வேற. அதுக்கு இடுப்புன்னு அர்த்தம்." சொன்ன பிறகுதான் பொன்னுவேலின் நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இருளாயி அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "ஆளில்லாத எடம்னா சொன்னீங்க? நான் அங்க நின்னேனே டீச்சரம்மா. மழையிலயும் பனியிலயும் தெனம் நின்னேன். என் மாமியா நின்னா, அவ மாமியா நின்னா. எங்க தலை ஒருத்தன் கண்ணுலயும் படலையா?"

லீலா அகராதியை மூடினாள்.

ஊர் திரும்பிய மறுநாள் வெயில் நன்றாக ஏறிய பிறகு, ஊரே பார்க்க, இருளாயி எருமைகளை ஓட்டிக்கொண்டு வெண்ணெய்க்கல் மேட்டில் ஏறினாள். மேடு முழுக்கக் குழி வெட்டி, குழிக்கொரு செடியாக வாட்டில் நட்டிருந்தார்கள். எருமைகளுக்குக் குழியும் தெரியாது, செடியும் தெரியாது. பழகிய இடத்தில் பழகிய புல்லைத் தேடிப் போயின. மிதிபட்டவை மிதிபட்டன. இருளாயி எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒரு பாறையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நடவுப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். திருமலைச்சாமி தூரத்தில் நின்று கத்தினான், கிட்டே வரவில்லை.

காட்டிலாகா கார்டுகள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். "ஏம்மா, ஒனக்குப் பைத்தியமா? வெரசா ஓட்டிக்கிட்டு எறங்கு."

"எறங்க மாட்டேன். நல்லசாமி ஐயாவ வரச் சொல்லுங்க."

அவர் வரவில்லை. எருமைகளைத்தான் பிடித்துக்கொண்டு போய்ச் பிடிபட்ட மாடுகளைக் கட்டிவைக்கும் சர்க்கார் பவுண்டுத் தொழுவத்தில் அடைத்தார்கள். இருளாயி பின்னாலேயே நடந்து ரேஞ்சர் ஆபீசுக்குப் போனாள்.

"செடி இருக்குன்னு தெரிஞ்சும் மாட்ட விட்டியா?"

"தெரிஞ்சுதான் விட்டேன்."

"ஏன்?"

"ஆளில்லாத எடம்னு எழுதி வச்சிருக்கீங்க. ஆளு இருக்கு. அதக் காட்டத்தான் பட்டப்பகல்ல விட்டேன்."

ரேஞ்சர் பேனாவைக் கீழே வைத்தார். கடுமையான மனிதர் இல்லை. களைத்துப்போன மனிதர். "நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கம்மா. நான் இல்லேன்னா இன்னொருத்தன் வந்து நடுவான். மேலேருந்து உத்தரவு. நீ ஒருத்தி உக்காந்து நிறுத்துற காரியம் இல்ல இது."

"நிறுத்த முடியாதுன்னு எனக்கும் தெரியும் நல்லசாமி ஐயா. தெரியுதுங்கிறதுக்காகக் கும்பிட்டுட்டுப் போகச் சொல்றீங்களா?"

அவர் அபராதத்தை எழுதினார். அதைக் கட்ட எருமைகளில் பாதியை விற்க வேண்டியிருந்தது. தொழுவத்து வாசலிலேயே கிடைத்த விலைக்கு விற்றாள். மீதியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் இறங்கவில்லை. பொன்னுவேல் வாசலில் தடிகளை ஊன்றி நின்றுகொண்டிருந்தான்.

"கருத்த எருமை எங்க? ஏன் அதக் குடுத்த? அது சினையில்ல?" என்றான். பிறகு, "யாரக் கேட்டு மேட்டுல ஏத்துன?" என்றான்.

"நீங்க இப்படி வேஸ்ட்டாக் கெடக்குறதாலதானே நான் இந்தப் பாடு படுறேன்!"

வாயிலிருந்து வந்துவிட்டது. அவளே எதிர்பார்க்கவில்லை. தெருவில் கேட்டுக் கேட்டு, பல்லைக் கடித்துக் கடித்து உள்ளே தள்ளி வைத்திருந்த சொல், சமயம் பார்த்து அவள் நாக்கிலேயே ஏறி வந்தது. பொன்னுவேல் தடிகளைத் திருப்பி வைத்து மெதுவாக உள்ளே போனான். அவள் போட்ட சோற்றைத் தொடவில்லை.

திருமலைச்சாமி மேலும் ரேஞ்சர் மேலும் வந்த கோபமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்று இருளாயிக்குத் தோன்றியது. தன் வாயைத் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

காலையில் சொன்னாள்: "நேத்து நான் சொன்னது எஞ்சொல்லு இல்ல."

"ஒன் வாயிலருந்துதானே வந்துச்சு."

"வந்துச்சு. அதான் எனக்கும் ஆத்திரம்."

பொன்னுவேல் அவள் முகத்தைப் பார்த்தான். அவன் கண்ணிலும் கோபம் இருந்தது. வெகுநாளாக அவனிடம் காணாமல் போயிருந்த ஒன்று அது. விழுந்ததிலிருந்து யார் என்ன சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தவன்.

"என் தம்பி சொன்னப்ப அவன மத்தால அடிச்சே. நான் சும்மா உள்ள உக்காந்திருந்தேன். அவன் என்னயத்தானே சொன்னான்? நான்தானே கேட்டிருக்கணும்? நீயும் சொல்லிட்டே. இன்னும் யாரு மிச்சம்?" தடியால் தரையைக் குத்தினான். "பஞ்சாயத்து எப்பன்னு கேளு. நானே வந்து பேசுறேன்."

இருளாயி பக்கத்து வீட்டு மட்டக்குதிரையைக் கேட்டு வாங்கினாள். அவனை ஏற்றி உட்கார வைக்க நாலு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு அசைவுக்கும் அவன் பல்லைக் கடித்தான், முகமெல்லாம் வேர்த்தது. சாவடிக்குப் போய் இறங்கி, உட்காராமல், தடிகளின் மேல் நின்றுகொண்டே பேசினான்.

"ஓடைக்காட்டுல வரப்பு கட்டுனது யாரு? ஓடைத் தண்ணிய வாய்க்கால் வெட்டித் திருப்புனது யாரு? இவன் அப்ப சின்னப்பய. என் இடுப்புத்தான் ஒடைஞ்சது, பங்கு ஒடையல. பாதி எனக்கு வேணும். அதுல நான் உழுவேனோ, ஆள் விட்டு உழுவேனோ, சும்மா போட்டு வச்சுப் பாத்துக்கிட்டு இருப்பேனோ, அது எம்பாடு."

திருமலைச்சாமி ஏதோ சொல்ல வாயெடுத்தான். பெரியவர்களில் ஒருவர் இருளாயி நின்ற பக்கம் பார்த்துவிட்டு அவனைக் கையமர்த்தினார். பேச்சு உச்சிப்பொழுது வரை இழுத்தது. கடைசியில் ஓடைக்காட்டின் நடுவில் வரப்பு விழுந்தது. பொன்னுவேலுக்கு வந்தது மேல்பாதி, தண்ணீர் கொஞ்சம் தாமதமாகத்தான் ஏறும். இருந்தாலும் பாதி.

அதில் அவர்கள் பூண்டு போட்டார்கள். பூண்டுக்குக் குனிந்து பார்க்கிற வேலை இருளாயியுடையது. பறித்ததைக் காயவைத்து, தாளைப் பின்னிக் கட்டுக் கட்டாகக் கட்டும் வேலையைப் பொன்னுவேல் உட்கார்ந்தபடி செய்தான். எருமைகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் வீட்டுக்குப் பால் தருகிற ஒன்று மட்டும் கொட்டிலில் நின்றது.

வெண்ணெய்க்கல் மேடு போனது போனதுதான். சில வருஷத்தில் வாட்டில் தலைக்கு மேலே வளர்ந்து இருட்டு கட்டிவிட்டது. கீழே புல் முளைக்கவில்லை. மேட்டடி ஊற்று கோடையில் வற்ற ஆரம்பித்தது. மரம் குடித்ததா மழை குறைந்ததா என்று ஊரில் ஒத்த பேச்சு இல்லை. நடவு முடிந்ததும் மேஸ்திரி வேலையும் முடிந்தது. திருமலைச்சாமி காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு அண்ணன் வீட்டுக்கு வரப்போக இருந்தான். இருளாயி அவனுக்குச் சோறு போட்டாள். 'தம்பி' என்று மட்டும் அதற்குப் பிறகு அவள் அவனைக் கூப்பிட்டதே இல்லை, எப்போதும் முழுப் பெயர்தான்.

அறுபதுகளின் நடுவில் ரோடு சீராகி, பூம்பாறை தாண்டியும் பஸ் வரத் தொடங்கியது. பொன்னுவேலின் இடுப்பைப் பெரிய டாக்டரிடம் ஒருமுறை காட்டலாம் என்று இருளாயி அவனைக் கூட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள். பஸ் வந்து நின்றது. அவன் ஒரு தடியைப் படியில் ஊன்றி, அடுத்ததைத் தூக்குவதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.

"பெருசு, அடுத்த வண்டியில வாங்க. டயமாயிருச்சு."

இருளாயி பஸ்ஸுக்கு முன்பக்கம் நடந்து போய், நடு ரோட்டில், பானட்டின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துக்கொண்டு நின்றாள். எஞ்சின் அவள் கைக்குக் கீழே நடுங்கியது. டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் நகரவில்லை. உள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு யாரோ இரண்டு பேர் இறங்கி வந்து பொன்னுவேலைத் தூக்கி ஏற்றி, ஜன்னலோரம் உட்கார வைத்து, தடிகளை வாங்கிக் காலடியில் வைத்தார்கள்.

"ஏறிட்டேன், நீ வா!" என்று பொன்னுவேல் ஜன்னல் வழியாகக் கத்தினான்.

"நல்லா உக்காந்தாச்சா?"

"உக்காந்தாச்சு!"

அதற்குப் பிறகுதான் அவள் கையை எடுத்தாள்.